மழையைக் கட்டியவள்

“மழையை யாரோ கட்டி வச்சிருக்காங்க. வேற யாரு, சூளை போட்டவங்கதான்.”

சபையின் பெண்கள் சங்கத் தலைவி நாஃபிரி இதைச் சொன்னது கோயில் வாசலில், எல்லார் காதிலும் விழும்படி. பேரைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இந்த வருஷம் ஊரில் செங்கல் சூளை போட்டிருந்தது நம்பேவே ஒருத்திதான்.

அந்த ஊர் இருந்த டெட்சா மலைப் பக்கம் அது ஒரு பழைய பேச்சு. வேகாத பச்சைக் கல் நனைந்தால் மண்ணாகிப் போகும், அதனால் சூளைக்காரர்கள் மருந்து வைத்து மேகத்தைக் கட்டிப்போடுவார்களாம். நம்பேவே மருந்து, மாயம் எதற்கும் போனவளில்லை. ஆனாலும் அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மருந்துதான் வைக்கவில்லையே தவிர, மற்றதெல்லாம் உண்மை.

அந்த வருஷம் மழை தள்ளிப் போய்விட்டது. எல்லோரும் நிலத்தைக் கொத்திப் போட்டுவிட்டு விதைச் சோளத்தோடு காத்திருந்தார்கள். பாஸ்டர் கம்வெண்டோ ஒரு வாரம் மழை ஜெபம் என்று அறிவித்தார். தினமும் விடியற்காலையில் சபை முழுக்க முழங்காலில் நின்றது. “ஆண்டவரே, இன்றே மழையைத் தாரும்” என்று அவர் கதறுவார். தகரக் கூரை அதிர ஆமென் எழும்பும். அதிலும் நாஃபிரியின் ஆமென் பக்கத்து ஊருக்கே கேட்கும். கடைசியில் பாஸ்டர், “ஆனாலும் எங்கள் நேரத்தில் அல்ல, உம்முடைய நேரத்தில்” என்று ஒரு வரி சேர்ப்பார். நம்பேவே அந்த ஒரு வரிக்கு மட்டும்தான் மனதார ஆமென் சொன்னாள். மற்றபடி அவள் உள்ளுக்குள் கேட்டது வேறு.

“இன்னைக்கு வேண்டாம் தகப்பனே. என் சூளை வெந்து முடியட்டும்.”

அவள் என்ன செய்வாள், பாவம். போன வருஷம் தீ மூட்டுவதற்கு முந்தின நாள் மழை கொட்டி, வீடு கட்ட அறுத்து அடுக்கிய கல்லெல்லாம் சேறாக ஓடியது. அன்றிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுச் சமையல் குடிசையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அண்ணி இந்தக் கிறிஸ்துமஸோடு இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாள். இந்தக் கல்லும் கரைந்தால் பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை சூளைக்குத் தீ மூட்டினாள். புதன்கிழமை மத்தியானம் மலை மேல் கருமேகம் திரண்டு வந்தது. ஊரே வெளியே ஓடி வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நம்பேவே சூளையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். விறகை உள்ளே தள்ளினாள், வெடித்த இடத்தில் சேற்றை அப்பினாள், வானத்தைப் பார்த்துப் பார்த்து, “இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்” என்று மூச்சிரைக்கக் கெஞ்சினாள்.

காற்று திரும்பியது. மேகம் கலைந்து ஏரிப் பக்கம் போயே போய்விட்டது. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் அவள் வணக்கம் சொன்னால் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவளுடைய மூத்த மகளிடம், “உங்கம்மா மேகத்தைத் தின்னுட்டாளாமே, வயிறு ரொம்பிச்சா?” என்று கேட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சூளையிலிருந்து ஒரு கல்லை உருவித் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. இனி எவ்வளவு பெய்தாலும் பயமில்லை. அந்தச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் கோயிலுக்கு ஓடினாள். ஆனால் உள்ளே நுழைந்து, வாடிய முகங்களைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை. சபை முன்னால் மனம் திறந்து சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் எழுந்துவிட்டாள்.

“மழை வராததுக்கு நான்தான் காரணம். மருந்தெல்லாம் வைக்கலை, ஜெபம்தான் பண்ணினேன். நீங்கல்லாம் வேணும்னு கேட்டப்போ நான் வேண்டாம்னு கேட்டேன். என் கல்லு வெந்துடுச்சு. என்னை மன்னிச்சிருங்க. இனிமே உங்களோட சேர்ந்து கேட்கிறேன்.”

நாஃபிரி மெல்ல எழுந்தாள். நம்பேவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“என் வீட்டுக் கூரை நேத்துதான் வேய்ஞ்சு முடிஞ்சுது” என்றாள் நாஃபிரி, தரையைப் பார்த்தபடி. “அதுவரைக்கும் பெய்யக் கூடாதுன்னு நானும்தான் கேட்டேன். அது வெளியே தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் அவ்வளவு சத்தமா ஆமென் சொன்னேன்.”

பின்வரிசையில் மூப்பர் சிசாலே தொண்டையைச் செருமினார். அவருக்கு உர மூட்டை வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்ததாம். ஆண்கள் பக்கம் ஒரு கை உயர்ந்தது. பாடகர் குழுவில் இரண்டு. அப்புறம் வரிசை வரிசையாக, வெட்கமும் சிரிப்புமாகக் கைகள் உயர்ந்தன. கடைசியில் எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள்.

நேற்றுத்தான் அவர் மகளின் கல்யாண விருந்து, வெட்டவெளியில், ஒரு சொட்டு ஈரமில்லாமல் நடந்து முடிந்திருந்தது. பாஸ்டர் கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாரும் முழங்கால் போடுங்க” என்றார். “இன்னைக்குத்தான் நாம முதல் முதலா மழைக்கு ஜெபம் பண்ணப் போறோம்.”