பதினொரு நீலக் கட்டங்கள்

உலகத்தார் அனைவரும் அறியவேண்டிய மகத்தான அறிவிப்பு: கப்பல் உடைந்து கொட்டிய எண்ணெய் எந்தக் கரையையும் தொடக்கூடாது என்று கடல் ஆய்வு மையத்தின் இயக்குநர் முடிவு செய்துவிட்டார்.

எண்ணெய்க்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

நான்கு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். கடலில் விழுந்த எண்ணெய் இரண்டு மூன்று நாளில் தண்ணீரைக் குடித்து நாலு மடங்கு உப்பும். இயக்குநர் உப்ப ஒரு மைக் போதும்.

சுவர்த் திரையில் கணிப்பு வரைபடம். கரை பழுப்புக் கட்டங்கள், கடல் நீலக் கட்டங்கள். கறுப்புப் புள்ளிகள் காற்றோடு நகர்ந்து, கரைக்குப் பக்கத்தில் வந்து, என்ன நினைத்தனவோ, ஆழ்கடலுக்கே திரும்பிப் போயின.

வெகு சமர்த்தான எண்ணெய்.

எண்ணெயைத் தடுக்கும் மிதவை வேலி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை ஏற்றிய படகு, விருந்தினர் மாளிகைக் கடற்கரைக்குக் கிளம்ப மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. அங்கே குளிக்க வரும் பெரிய மனிதர்களின் கணுக்கால் கறுக்கலாகாது.

கணிப்புக் கணக்கைப் பார்க்கும் பெண் மட்டும் உட்காரவில்லை.

"சார், வேலிய மணல்திட்டுக்கு அனுப்புங்க. நாப்பது வீடு இருக்கு. எங்க அக்கா அங்கதான் சிப்பி வளக்கறாங்க. காலையிலேர்ந்து வாடை தாங்கலையாம்."

இயக்குநர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைத் துழாவினார்.

"எங்கம்மா திட்டு? இங்க கடல்தான் இருக்கு. உங்க அக்கா என்ன, மீனோடயா குடித்தனம் நடத்துறாங்க?"

துணை இயக்குநர் சிரித்தார். பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம்.

"திட்டு ரொம்ப ஒல்லி சார்," என்றாள் அவள். "வரைபடத்துல விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா? அது தானா எந்திரிச்சா போச்சு?" மேசையில் ஒரு வெள்ளைத்தாளைத் தட்டி வைத்தார். "எந்த மேதாவி விட்டான்? பேரை எழுதிக் குடும்மா. அவன இப்பவே வீட்டுக்கு அனுப்பறேன், வேலிய உங்க அக்காவுக்கு அனுப்பறேன்."

கெட்ட மனிதர்தான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் சொன்னதைச் செய்வார். ஒருவன் வேலையைப் பறிக்கக் கிடைத்த வாய்ப்பை அவர் நழுவவிட்டதேயில்லை.

அவள் பேனாவை எடுத்தாள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. அக்காவின் செய்தி: 'அந்த ஆபீஸே உன் கையிலதான்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்டி. சீக்கிரம் அனுப்பச் சொல்லு.'

அவள் பேனாவை மூடினாள்.

"பழைய ஆளு யாரோ சார். பேர் தெரியல."

வெளியே படகு விருந்தினர் மாளிகைப் பக்கம் திரும்பியது.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், அந்த ஒல்லித் திட்டில் முட்டி முட்டி நின்றுபோன கணினிக் கணிப்பை ஓடவைக்க, பதினொரு பழுப்புக் கட்டங்களுக்கு நீலம் பூசியவள் அவள்தான். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்தது.

அன்று அந்த பஸ் வரவில்லை.