முதல் வரியில் கோகிலா

கணினியில் கோப்பைத் திறந்தான். முதல் வரியிலேயே அவள் பெயர் இருந்தது.

அடுத்ததைத் திறந்தான். அதிலும் இருந்தது.



கோகிலவாணி இறந்து மூன்று மாதம் ஆகிறது. இதே ஆபீசில், இதே வரிசையில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அவன் மனைவி.

கம்பெனியை விட்டுப் போனவர்களின் கணக்கை சர்வரிலிருந்து நீக்கிவிடுவது வழக்கம். அவள் கணக்கை மட்டும் யாரும் தொடவில்லை. ஆடிட்டில் கேள்வி வந்தது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பூபதி இரண்டு நாள் இவன் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, மூன்றாம் நாள் வாயைத் திறந்தான். எடுத்துவிடலாமா என்று கேட்டான்.

எடுத்துவிடு என்று இவனும் சொல்லிவிட்டான்.

எதற்கும் இருக்கட்டும் என்று பூபதி இன்று காலையில், கணக்கோடு சேர்ந்து அழியப்போகும் அவளுடைய ஃபோல்டரைக் கொஞ்ச நேரம் மறைத்துவைத்துப் பார்த்தான். கம்பெனியின் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டுகள் ஒட்டுமொத்தமாகத் தோற்று விழுந்தன. ஒன்றுகூடத் தொடங்கவே இல்லை. அலறியடித்துக்கொண்டு திரும்ப வைத்தான்.

காரணம் இந்த முதல் வரிதான். பைத்தான் மொழியின் எந்தப் பதிப்பைக் கொண்டு தன்னை ஓட்டவேண்டும் என்று டெஸ்டுக்காக எழுதிய ஒவ்வொரு ஸ்கிரிப்டும் அங்கேதான் சொல்லும். அவள் அவற்றை எழுதியபோது சர்வரில் இருந்தது அரதப் பழைய பதிப்பு. புதியது வேண்டுமென்று எழுதி எழுதிப் பார்த்தாள். அனுமதி வரவில்லை. பொறுமை போய், கோகிலா என்ற தன் ஃபோல்டருக்குள்ளேயே புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டு, எல்லா ஸ்கிரிப்டையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

இது சரியில்லை என்று அவன் சண்டைகூடப் போட்டான். இப்போதைக்கு இருக்கட்டும் என்றாள்.

அந்தக் கம்பெனியில் இப்போதைக்கு என்று வைத்ததைப் பிறகு யாரும் எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. இவர்களும் மறந்துபோனார்கள். பிறகு அவளுக்கு உடம்புக்கு வந்தது. ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி என்று ஆயிற்று.

அப்படியானால் இத்தனை நாளும் தினமும் காலையில் டெஸ்டுகளை ஓட்டிக்கொண்டிருந்தது அவள் ஃபோல்டர்தான். மின்மயானத்தில் அவளை விட்டுவிட்டு வந்த மறுநாள் காலையிலும்.

அவனுக்கு அது இன்றுதான் தெரிந்தது.

ரேஷன் கார்டில் பெயரை நீக்கக் கொடுத்தபோது இவ்வளவு வலிக்கவில்லை. கேஸ் கனெக்‌ஷனை மாற்றியபோதும் இல்லை. அங்கெல்லாம் அவள் பெயர் சும்மா இருந்தது. இங்கே வேலை செய்துகொண்டிருந்தது.

சரியான பதிப்பை, எல்லோருக்கும் பொதுவான இடத்தில், பூபதி போன வருஷமே போட்டுவைத்திருந்தான். ஸ்கிரிப்டுகளை அங்கே திருப்பிவிட்டால் போதும். ஒரே கட்டளையில் எல்லா முதல் வரியையும் மாற்றிவிடலாம். நானே மாற்றிவிடுகிறேன் என்று பூபதி சொல்லிப் பார்த்தான்.

வேண்டாம் என்று இவன் தலையசைத்தான்.

கையாலேயே ஒவ்வொன்றாகத் திறந்தான்.

கோகிலா என்ற எழுத்துகளை அழித்தான். பொதுவான பாதையைத் தட்டினான். சேமித்தான்.

திறந்தான். அழித்தான். தட்டினான். சேமித்தான்.

மில் தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்கிற மென்பொருள் அது. ஒரு டெஸ்டில், தினமும் ஷிப்டுக்குத் தாமதமாக வருகிற கற்பனை ஆள் ஒருவன் இருந்தான். அவனுக்கு அரைநாள் விடுப்பு கழிகிறதா என்று பார்க்கவேண்டும். அந்த ஆளுக்கு இவன் பெயரை வைத்திருந்தாள்.

ஒரு வார்த்தை சொன்னதில்லை, கள்ளி.

சிரிப்பு வந்தது. சிரிப்போடு நிற்கவில்லை. பக்கத்து மேஜைகளில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இருக்க மூன்று மாதத்தில் பழகியிருந்தார்கள்.

அந்தக் கோப்பிலும் முதல் வரியை மாற்றினான். கீழே தன் பெயரை அப்படியே விட்டுவிட்டான்.

முடிந்தது.

எல்லாவற்றையும் ஓடவிட்டான்.

ஒன்றாவது விழும் என்று நினைத்தான். விழவேண்டும் என்று ஆசைப்பட்டான். அவள் பார்த்துப் பார்த்துப் போட்டு வைத்ததில் ஏதோ ஒன்று பொதுவான இடத்தில் இருக்காது. அது இல்லாமல் ஏதோ ஒரு டெஸ்ட் ஓடாது. அப்படி ஒன்று அகப்பட்டால் அந்த ஃபோல்டர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்.

பச்சை.

பச்சை.

வரிகள் திரையை நிறைத்து மேலே ஏறின. கடைசி வரி வரை பச்சை; ஒன்றுகூட விழவில்லை.

அவள் இல்லாமலே எல்லாம் ஓடியது. அவள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அவனால்தான் தாங்க முடியவில்லை.

பூபதி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். முடிந்துவிட்டதா என்று மெல்லக் கேட்டான்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு டெஸ்டின் முடிவைக்கூட இவன் மாற்றிச் சொன்னதில்லை. மேனேஜர் கெஞ்சியபோதும் சொன்னதில்லை.

"ஒண்ணு விழுது பூபதி. நாளைக்குப் பாக்கறேன்."

பூபதி திரையைப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை, ஒரு வரி விடாமல் பார்த்தான்.

"சரிங்ணா," என்றான். "நாளைக்கும் விழுந்தா சொல்லுங்க."