கைப்பைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

"ஓடாதுங்கறேன்! அது ஆபீஸ்ல லெட்டர் அடிக்கிற டப்பாம்மா. கேம் ஆடறதுக்கெல்லாம் அதுக்குத் திராணி கிடையாது!"

"கைக்கு? ஏன் ஓடாதாம்? உங்கள மாதிரி ஆளுங்க விண்டோஸைத் தாண்டி எட்டியே பார்க்கலைன்னா, அதுக்கு என் டப்பா என்ன சார் பண்ணும்?"

முதல் குரல் எங்கள் எதிர் ஃபிளாட் துரைராஜுடையது. இரண்டாவது குரல் மைதிலியுடையது. துரைராஜின் மகள் ஹர்ஷிதாவைப் பெண் பார்க்க வந்திருந்த ஆனந்தகுமாரின் அம்மா.

வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜாதகத்தை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

நான் சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். துரைராஜின் மனைவி போய் ஐந்து வருஷமாகிறது. எங்கள் ராமச்சந்திராபுரம் அபார்ட்மெண்டில் யார் வீட்டு விசேஷமானாலும் வாணலி என் கையில்தான். அடுப்பருகே நின்றால் ஹால் முழுவதும் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஹர்ஷிதாவை நினைத்துத்தான் எனக்குப் பகீரென்றது. வரன் வந்தாலும் சரி, வெளிநாட்டு வேலை வந்தாலும் சரி, "டாடி ஒக்கரே உண்டாரு ஆன்ட்டி" என்று தெலுங்கில் ஒரு வரி சொல்லித் தட்டிவிடுவாள். அப்பா தனியாக இருப்பாராம்.

அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஃபேக்டரியிலிருந்து ரிட்டையரான நாள் முதல் அந்த மனுஷன் படியிறங்குவதில்லை. திரையில் மட்டும் காலையிலிருந்து மாலைவரை லாரி ஓட்டுவார். பேர் தெரியாத ஊர்களுக்கெல்லாம் சரக்கு ஏற்றிப் போவார். கீழே போய்ப் பால் பாக்கெட் வாங்கிவர மாட்டார்.

இது ஐந்தாவது வரன். அதையும் இந்த லாரி ஏற்றிக் கொன்றுவிடும் போலிருந்தது.

மைதிலி கைப்பையைத் திறந்தார். வெற்றிலை பாக்கு எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். டிபன் டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து டீப்பாயில் வைத்தார்.

கணவர் இல்லாமல் மகனை வளர்த்தவர், பேகம்பேட்டில் ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்காக, பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கா தூக்கிக்கொண்டு வருவார்கள்?

"லினக்ஸ் போட்டது. உங்க லாரியை இதுல ஓட்டிக் காட்டட்டுமா?"

துரைராஜின் கம்ப்யூட்டர் ஒரு குட்டி பீரோ. உள்ளே நாலு ஃபேன், கல்யாண மண்டபம் போல சீரியல் லைட். அதன் ஒயரைப் பிடுங்கித் தன் டப்பாவில் செருகினார் அந்தம்மா. யாரையும் கேட்கவில்லை.

லாரி கிளம்பியது.

துரைராஜ் கையைக் கட்டிக்கொண்டு, பிணம் எழுந்திருக்குமா என்று பார்ப்பவர் போல நின்றார். "மழை வரட்டும், திக்கும் பாருங்க."

மழை வந்தது. வைப்பர் ஆடியது. மேகம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் லாரி திக்கவில்லை.

"சரி, நாலு பேர் ஆன்லைன்ல சேர்ந்து சுடற கேம்? அது ஓடுமா?"

"அதுல சிலது நக்கோ சார், ஓடாது. கள்ள ஆட்டம் ஆடறவனைப் பிடிக்கற சாஃப்ட்வேர் லினக்ஸை உள்ளயே விடாது. ஒத்துக்கறேன்."

"ஹவ்! ஆமான்னு ஒத்துக்கிட்டாங்க பாரு!" என்று துரைராஜ் என் பக்கம் திரும்பிக் கத்தினார். நான் என்ன நடுவரா? கரண்டியை ஆட்டிவைத்தேன்.

பிறகு நாற்காலி கைமாறியது. அவர் ஓட்ட, அந்தம்மா வழி சொன்னார். "பிரேக்கு, பிரேக்கு! கண்ணு எங்க இருக்கு?" என்று பிறர் வீட்டு ஆண்பிள்ளையை அதட்டினார். அந்த ஆண்பிள்ளையும் உடனே பிரேக் போட்டார்.

பஜ்ஜி ஆறியது.

பெண்ணும் மாப்பிள்ளையும் சோபாவின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை? ஒரு ஓரப்பார்வை? ஊஹூம். வரன் கோவிந்தா என்று அன்றைக்கே மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மைதிலி மட்டும் தனியாக வந்தார். ஒரு கேபிளை விட்டுவிட்டுப் போய்விட்டாராம். அதற்கடுத்த ஞாயிறும் அதே கேபிள். மூன்றாவது ஞாயிறு கேபிள் பேச்சே எழவில்லை. துரைராஜ் கீழே இறங்கிப்போய் வாசலில் நின்றார்.

எட்டு மாதம் கழித்து ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். மாப்பிள்ளை துரைராஜ். பெண் மைதிலி.

மூன்று சாட்சிகள் வேண்டும் என்றார்கள். ஹர்ஷிதா போட்டாள், ஆனந்தகுமார் போட்டான், மூன்றாவது கையெழுத்து நான். பாவம், இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கு அமையவேண்டியது பெரிசுகளுக்கு அமைந்துவிட்டதே என்று ஆனந்தகுமாரின் தோளைத் தட்டி, "கவலைப்படாதே கண்ணா, உனக்கும் ஒருத்தி வருவா" என்றேன்.

அவன் பக்கத்தில் பூமாலையோடு நின்ற பெண்ணை முன்னால் இழுத்தான். "என் வைஃப் சபீனா, ஆன்ட்டி. எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு."

நான் விரல்விட்டு எண்ணினேன். இரண்டாவது தடவையும் எண்ணினேன்.

ஹர்ஷிதா என் காதருகே வந்தாள். "ஆனந்த் என் ஆபீஸ் ஃப்ரெண்டு ஆன்ட்டி. பொண்ணு பாக்க வராங்கன்னாதான் டாடி சட்டை மாத்திக்கிட்டு ஹால்ல உக்காருவார். டாடியையே பாக்க வராங்கன்னு சொல்லியிருந்தா கதவே திறந்திருக்க மாட்டார்."

"அப்போ மைதிலிக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அவங்க ஐடியாதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!"

"சொல்லியிருந்தா லிஃப்ட் மேல வர்றதுக்குள்ள டாடிக்குத் தெரிஞ்சிருக்குமே."

அந்த வெள்ளிக்கிழமையே அவள் டப்ளினில் கிடைத்த வேலைக்கு விமானம் ஏறினாள். போகும்போது என் கதவைத் தட்டிச் சொல்லிக்கொண்டுதான் போனாள். ஆனால், "டாடியைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லவில்லை.