அப்பு யாரைப் பார்த்தான்?

லீலாவதியின் இடுப்பில் இருந்த குழந்தை அப்பு மறுபடியும் சட்டென்று தலையைத் திருப்பினான். அவளும் திரும்பிப் பார்த்தாள். ஒரு செம்பருத்தி வேலி, ஒரு காலி பெஞ்சு. ஆள் யாரும் இல்லை.

"பாத்தியாக்கா? இப்படித்தான் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்புறான்" என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா ஜான்கி வுனிமோனோ கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில்தான் ஃபிஜியின் தலைநகரான சுவாவுக்கு வந்திருந்தாள். அவள் பேசினால் அடுத்த தெருவுக்கே கேட்கும். "எத்தினி நாளா இப்படி?" என்றாள்.

"ரெண்டு மாசமா. இந்தப் பூங்காவுலதான் ஆரம்பிச்சுது. மரத்துல இருக்கிற தெவோரோ பிடிச்சிடுச்சுக்கா. இந்த ஊருப் பேய் லேசுல விடாதாம்."

"உன் வூட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

"அவரு எங்கிட்ட வாய்விட்டே பேசறதில்ல. எல்லாரும் வாய்க்குள்ளயே பேசிக்கிறாங்க. புள்ளையப் பத்தி என்னமோ தெரிஞ்சு மறைக்கிறாங்க."

மந்திரிக்கிறவர் நாளைக் காலையில் வருவதாக இருந்தது. குழந்தையின் வயிற்றில் சூடு வைத்தால் பேய் இறங்கிவிடும் என்று சொல்லியிருந்தார். பத்து மாதக் குழந்தைக்குச் சூடு. ஆனாலும் லீலாவதி பயத்தில் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்தார்கள். அப்பு அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். இலைகளுக்குள் எதுவும் தெரியவில்லை. பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மணிக்கூண்டுக் கட்டடத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டினான். அங்கேயும் யாரும் தெரியவில்லை.

"பாக்காதடா கண்ணு" என்று அவன் முகத்தைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டாள். கால்கள் தாமாகவே வேகமெடுத்தன. ஜான்கி பின்தங்கினாள்.

பத்தடி போயிருப்பாள். அப்பு அவள் பிடியிலிருந்து திமிறி, பின்பக்கமாக இரண்டு கைகளையும் நீட்டினான், யாரோ தூக்க வந்துவிட்டதைப் போல. லீலாவதிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

ஒரு கை அவள் தோளைப் பிடித்தது. அலறிவிட்டாள்.

ஜான்கிதான். மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது. தங்கையைத் தன் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டாள்.

"சூடும் வேணாம், மந்திரமும் வேணாம். வேலிக்கு அந்தாண்ட மிஷினு போட்டு புல்லு வெட்டினாங்க, திரும்பினான். மரத்துல மைனா கத்துச்சு, சிரிச்சான். மணிக்கூண்டுல நாலு அடிச்சுது, அந்தப் பக்கம் பாத்தான். இப்ப நான் பின்னாலேருந்து உன் பேரைச் சொல்லி மூணு தரம் கத்தினேன். புள்ள திரும்பிச்சு."

லீலாவதி அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் திரும்பல."