கூடத்தில் ஓர் ஆணி

இன்னும் இருபது நிமிடம்தான் வெயில் நிற்கும். பிள்ளையோ மறுபடியும் படத்தை விட்டு வெளியே போய் நின்றுகொண்டது.

"ஒரே ஒரு படம் போதும்ண்ணா. மூணு பேரும் சிரிக்கிற மாதிரி. கூடத்துல ஆணிகூட அடிச்சு வச்சுட்டோம்" என்று வந்ததும் வராததுமாக அம்மாக்காரி சொல்லியிருந்தாள்.

ஆணி அடித்துவிட்டுப் படம் எடுக்க வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். படம் சரியாக அமையாவிட்டால் அந்த ஆணி தினமும் என்னைத் திட்டும்.

நான் விளக்கு வைத்து எடுக்கிற ஆள் இல்லை. பூங்கா, மரம், சாயங்கால வெயில், அவ்வளவுதான் என் கடை. சூரியன் மறைந்த பிறகு கேமராவைத் தொடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

"குடும்பமா சேர்ந்து நில்லுங்க" என்றேன்.

அப்பா நின்றார். அம்மா நின்றாள். ஆறு வயதுப் பெண் இரண்டடி தள்ளிப் போய், என் கேமராப் பையின் பக்கத்தில் சமர்த்தாக நின்றது.

கூட்டிவந்து நடுவில் நிறுத்தினேன். "குடும்பமா" என்று நான் சொன்னதுதான் தாமதம், மறுபடியும் அந்தப் பையின் பக்கத்தில்.

சரி, அசையாமல் நிற்க வைத்தாலாவது உண்டா? அது அதைவிட மோசம். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக மடக்கி வைத்துக்கொண்டு, முகவாயைத் தூக்கி, கேமராவை நேராக ஒரு பார்வை. சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

எனக்கு இது இருபது வருடத் தொழில். பொய்யாகத் தும்மினேன். தலையில் இருக்கும் தொப்பியை ஊரெல்லாம் தேடினேன். குரங்கு மாதிரி சொறிந்துகூடக் காட்டினேன். அப்பாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிள்ளையிடம் என் பருப்பு வேகவில்லை.

புதுச் சட்டையின் கழுத்தில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். செருப்பு இரண்டு விரற்கடை பெரிது. பெற்ற பிள்ளையின் கால் அளவுகூடத் தெரியாதா என்று அம்மாவை மனதுக்குள் வைதேன்.

அப்பா அதற்கு மேல். பிள்ளையைத் தூக்கச் சொன்னால், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

வெயில் மரத்தின் இடுப்பிலிருந்து தலைக்கு ஏறிவிட்டது. அம்மா சிரித்த முகத்தை மாற்றாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் எல்லாம் போய்விட்டது.

பிள்ளையின் முன்னால் போய் மண்டியிட்டேன். "என்னதாம்மா வேணும் உனக்கு?"

என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னது. "மாமா, நீங்க இன்னும் பலகையே தரலியே."

அட, இவ்வளவுதானா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'எனக்கு ஒரு வயது' என்று எழுதிக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் வைப்பதற்காக ஒரு சின்னக் கரும்பலகை என் பையில் எப்போதும் கிடக்கும். ஓடிப்போய் எடுத்து வந்தேன். சாக்பீஸையும் கையில் கொடுத்தேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிதாக, அழகாக எழுதியது. 47.

"நாப்பத்தேழா? அப்ப நீ எனக்கே அக்கா" என்று சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளை பலகையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டது. இரண்டடி தள்ளித் தனியாக நின்றது. முகவாயைத் தூக்கியது. அத்தனை நேரமும் மடங்கியிருந்த அந்தக் கைகளில் பலகை கச்சிதமாகப் பொருந்தியது.

"குழந்தைங்க இல்லத்துல ஃபைலுக்கு இப்படித்தான் எடுப்பாங்களாம்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "அங்க குடும்பம்னா, பாக்க வர்றவங்க. பிள்ளைங்க ஓரமா நிக்கணும். முந்தாநாள்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம்."

நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா வந்து பலகையை மெதுவாக வாங்கினாள். உள்ளங்கையால் 47-ஐ அழித்தாள்.

பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நம்பர் இல்லன்னா, படத்துல இருக்கிறது நான்தான்னு எப்படித் தெரியும்?"

அம்மா சாக்பீஸ் பொடி அப்பிய கையால் பிள்ளையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வந்து இன்னொரு கையைப் பிடித்தார்.

"நடுவுல நிக்கிறது நீதான்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

பிள்ளை இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தது. இழுத்துப் பார்த்தது. இரண்டு பேருமே விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தது. அப்போதும் விடவில்லை. இது ஏதோ விளையாட்டு என்று பட்டிருக்க வேண்டும், உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொங்கியது. பெரிய செருப்பில் ஒன்று கழன்று என் காலடியில் வந்து விழுந்தது.

பிள்ளை சிரித்துவிட்டது.

சூரியன் எப்போதோ போயிருந்தது. எடுத்தேன்.

அந்தப் படம்தான் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. எடுக்கும்போது கேமரா லேசாக ஆடியிருக்கிறது. வெளிச்சம் போதவில்லை, அதனால்தான் ஆடிவிட்டது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.