தலைகீழ் அப்பா

"மூணு வாரமா உங்க பொண்ணு வரையற தாள்ல எல்லாம் நட்சத்திரம் குத்தித் தள்ளிட்டேன். இப்போ எல்லாத்தையும் திருப்பி வாங்கலாமான்னு யோசிக்கிறேன்."

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எதிரே பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை அவளுக்கு. ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, சீருடையோடு ஓடி வந்திருந்தாள்.

"என்ன பண்ணினா டீச்சர்?"

டீச்சர் நாலைந்து தாள்களை மேசையில் பரப்பினார். வீடு, மரம், சூரியன், சட்டை போட்ட ஒரு மனிதர். நாலு வயதுக் கை போட்டது என்று சொன்னால் நம்ப முடியாது.

"மத்த பிள்ளைங்க இன்னும் தலையிலேருந்தே கால் முளைக்க வைக்குதுங்க. உங்க வண்டு சட்டைப் பட்டன் வரைக்கும் போடறா. துண்டுப் பென்சில்தான் வேணும்கிறா, அதுவும் நல்லதுதான், பிடி அழகா வந்திருக்கு. நான் அவளுக்கு எதிர்லதானே உட்காருவேன்? எனக்கு எல்லாம் நேராத் தெரிஞ்சுது. போன வாரம் பென்சில் உருண்டுச்சுன்னு அவ பக்கம் போய்க் குனிஞ்சேன். அப்பதான் பார்த்தேன். அத்தனையும் தலைகீழ்."

மூலையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்த குழந்தை, தன் பேச்சுதான் என்று தெரியாமல் முனகிக்கொண்டிருந்தது. வரையும்போது ஓயாமல் ரீங்காரம் போடுவதால்தான் அவளுக்கு வண்டு என்று பெயர்.

"எழுத்தும் அப்படித்தான். 'ப' எழுதுன்னா கவுத்து வச்ச கிண்ணமா எழுதறா. பெரிய டீச்சர் பார்த்துட்டாங்க. டாக்டர்கிட்ட காட்டிச் சரியாகிற வரைக்கும் அடுத்த வகுப்புக்கு ஏத்த வேண்டாம்னு இந்தப் படிவத்தைக் கொடுத்திருக்காங்க. நான் கையெழுத்துப் போடணும்."

"ஒரு வருஷம் போயிடுமா?"

"வருஷம் போனாக்கூடப் பரவாயில்லைங்க. மந்தம்னு ஒரு பேர் ஒட்டிக்கும். ஒட்டினா லேசுல போகாது. அதான் உங்களைக் கூப்பிட்டேன். இவளுக்கு வரையச் சொல்லித் தர்றது யாரு?"

அம்மா ஒரு தாளின் ஓரத்தை நீவிவிட்டாள். "அவங்க அப்பா."

"வெளியூர்ல வேலைன்னு எழுதியிருந்தீங்களே?"

"சனிக்கிழமைதோறும் ரெண்டு பேரும் பார்த்துப்பாங்க. அரை மணி நேரம்."

"அரை மணியா? மந்திரிகூட மகளுக்கு அதைவிடக் கூட ஒதுக்குவாரே."

"அந்த அரை மணியும் அவளுக்குத்தான் டீச்சர். எனக்கு ரெண்டு வார்த்தை கிடைச்சாப் பெருசு. மேசையில தாளை வச்சுக் குனிஞ்சா ரெண்டும் நிமிராது. அவர் ஒரு வீடு போடுவார். இவ அதைப் பார்த்து ஒண்ணு போடுவா."

"எப்படி உட்காருவாங்க?"

"அவர் அந்தப் பக்கம். நாங்க இந்தப் பக்கம்."

டீச்சர் தொடையில் தட்டிக்கொண்டார். "அப்படிச் சொல்லுங்க. எதிர்லேருந்து போட்டுக் காட்டினா, அவ கண்ணுக்கு வீடு தலைகீழாத்தானே தெரியும்? பார்த்ததைப் பார்த்தபடி போடறா. டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் பக்கத்துல போய் உட்கார்ந்தா, எழுந்து எதிர்ப்பக்கம் ஓடிடறா. எழுதறதுன்னாலே எதிரும் புதிருமாத்தான்னு நினைச்சுட்டா. பழக்கினவரே மாத்தணும். இந்தச் சனிக்கிழமை அவரைப் பக்கத்துல உட்காரச் சொல்லுங்க. மடியில வச்சுக் கையைப் பிடிச்சு எழுதினா இன்னும் நல்லது."

"அது முடியாது டீச்சர்."

"சரி, இங்க ஒருநாள் வரட்டும். நானே சொல்றேன்."

"வர முடியாது."

டீச்சரின் முகம் மாறியது. சட்டை போட்ட மனிதரின் படத்தை எடுத்து அம்மாவின் பக்கம் தள்ளினார். "இது யாருன்னு கேட்டேன். அப்பாங்கிறா. இதுல மட்டும் இடுப்போட நிறுத்திட்டு, கீழ நீளமா ஒரு கோடு இழுத்திருக்கா. மனுஷர் காலையே பிள்ளை பார்த்ததில்லை போல. ஒரு மேசையைச் சுத்தி வர அவ்வளவு கஷ்டமா அவருக்கு? நாற்காலியோட கட்டிப் போட்டிருக்கா? நான் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் என்மேல வருத்தப்படக்கூடாது."

பேனா மூடியைத் திறந்தார்.

அம்மா குழந்தையைப் பார்த்தாள். ரீங்காரம் நிற்கவில்லை. நாற்காலியை முன்னால் நகர்த்தி, மேசைமேல் குனிந்து, படிவத்தின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"அது எங்க வீட்டு மேசை இல்லை டீச்சர், ஜெயில்ல பார்க்க வர்றவங்களுக்குப் போட்டிருக்கிற மேசை. அதைச் சுத்தி இந்தப் பக்கம் வர அவருக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு."