பாதித் தலை

விவாகரத்துக்குப் பிறகு, மகள் யாழியைப் பார்க்க ஹேமலதாவுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அனுமதி உண்டு. அதுவும் முன்னாள் கணவர் குணசீலனின் வீட்டு ஹாலில், அவர் கண்ணெதிரில். குணசீலன் ஊர் ஊராகப் போய்ச் சுகாதாரம் பற்றிச் சொற்பொழிவாற்றுபவர். அவர் வீட்டில் கொசுகூடக் கால் கழுவிவிட்டுத்தான் உட்காரும்.

அன்று மகளை மடியில் சாய்த்ததுமே ஹேமலதா கூவினாள். "அடியே, தலை பூரா பேனுடி!"

"என் வீட்டுலயா? சான்ஸே இல்ல" என்றபடி குணசீலன் சோபாவின் மறுகோடிக்கு நகர்ந்தார்.

அவள் ஒன்றைப் பிடித்து நகத்தில் வைத்துக் குத்தினாள். அந்த 'டிக்' சத்தம் அவர் சொற்பொழிவைவிடத் தெளிவாகக் கேட்டது.

ஒரு மணி நேரம் முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமினார்.

"பாதித் தலைதான் ஆச்சு. மீதிய நீங்க பாத்துக்கிறீங்களா?" என்றாள் ஹேமலதா.

"ஐயையோ! முடிச்சிட்டே போ."

பொழுது சாயும்வரை சீப்பு ஓடியது. மடியிலிருந்து யாழி கிசுகிசுத்தாள். "அம்மா, எல்லாத்தையும் எடுத்துராத. பக்கத்து பெஞ்சுக்காரிகூட ஒரு வாரம் தலையோட தலை ஒட்டி உக்காந்து கொண்டாந்தேன்."

ஹேமலதா விரலில் சிக்கிய கொழுத்த பேனை மகளின் காதோர முடியில் பத்திரமாகத் திரும்ப விட்டாள். எதிரே குணசீலன் தலையைச் சொறிய ஆரம்பித்திருந்தார்.